ஜெயரட்ணத்தைப் போகவிட்ட வெள்ளிக்கிழமை

ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் ஆங்கில இலக்கணம் படிப்பித்தவர். ஆக்லாந்துக்கு வந்தபின் மனுரேவாவில், பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் மூடிகளைப் பெட்டியில் அடுக்கினார். அங்கும் யாராவது ‘ஹி டோன்ட்’ என்றால் நின்று ‘ஹி டஸின்ட்’ என்று திருத்துவார்.

1997இல் ஒரு வெள்ளிக்கிழமை. தங்கை செல்வநாயகி சிட்னியிலிருந்து வருகிறாள். விமான நிலையத்துக்குப் போக அரைநாள் விடுப்புக் கேட்டு மூன்று நாளாகியும் மேலாளர் கிரகாம் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெகுநேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஜெய், வி ஹாவ் டு லெட் யூ கோ” என்றார்.

போக விடுகிறார்கள். ஜெயரட்ணத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வாக்கியத்திலும் பிழையில்லை. “மூன்று நாளாக இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன், மிக்க நன்றி” என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைகுலுக்கினார். கிரகாமின் கண் கலங்கியது. வெளியே கூட வேலை செய்பவர்கள் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி சாக்லேட் பெட்டியே தந்தாள்.

“அரைநாள் லீவுக்கு இவ்வளவு மரியாதை. சனம் அழுதிட்டுது” என்று தங்கையிடம் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தன் இடத்தில் வந்து நின்றார். கிரகாமுக்கு இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லை. அலுவலகத்திலிருந்த மலேசியப் பெண் சுபாஷினியை அனுப்பினார்.

“அங்கிள், ‘லெட் யூ கோ’ன்னா வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்கன்னு அர்த்தம்லா.”

ஜெயரட்ணம் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். “அப்ப ஏன் அதை நேராச் சொல்லேல்லை?”

“உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்.”

“எனக்கு நோகவேயில்லையே பிள்ளை. அதுதானே பிரச்சினை.”

பிறகு தொடங்கிய பெட்டியை அடுக்கி முடித்துவிட்டு கிரகாமிடம் போய், ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதற்குப் பொருத்தமான ஆங்கில வினைச்சொற்கள் நான்கைச் சொல்லிக்கொடுத்தார். கிரகாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு, நியூ லின்னில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தன் நண்பருக்கு ஜெயரட்ணத்துக்காக அங்கிருந்தே போன் போட்டார்.

அடுத்த வாரம் அந்தக் கடைக்காரர் அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, “வி வுட் லைக் டு டேக் யூ ஆன்” என்றார்.

ஜெயரட்ணம் சிரிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. தொலைபேசியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டு சுபாஷினியை அழைத்தார்.

“பிள்ளை, ‘டேக் யூ ஆன்’ எண்டால் நல்லதோ, கெட்டதோ?”

“நல்லதுதான் அங்கிள். வேலை குடுக்குறாங்க.”

“வடிவாத் தெரியுமோ?”

“தெரியும் அங்கிள்.”

அதன்பிறகுதான் கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.