நாரணாபுரத்தில் ஒரு படத்திறப்பு

சுந்தரபாண்டி இறந்த செய்தி பட்டாசு ஆலைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேர்ந்தது. வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பானுப்பிரியா மட்டும் சாப்பாட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏசி ரூம்ல, மெத்தையில படுத்தாப்புலதான போயிருக்காரு. அதுக்கு என்ன இப்ப?" என்றாள்.

மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். செத்த மனிதரைப் பற்றி நாலு நாளைக்காவது நல்லதாகப் பேச வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். பானுப்பிரியா அந்தச் சட்டத்தை அன்று மதியமே மீறினாள். பிறகு ஊர் முன்னால் மைக்கைப் பிடித்தும் மீறினாள்.

சுந்தரபாண்டி நாரணாபுரத்துக்குப் பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ள குடும்பத்துப் பிள்ளை. பானுவின் அப்பா முத்துக்கருப்பன் இளவயதில் அவர்கள் காட்டில் பருத்தி எடுத்தவர். சுந்தரபாண்டி படித்துச் சென்னைக்குப் போனார். தீம் பார்க் நடத்தும் ஒரு கம்பெனியில் சேர்ந்து நிர்வாக இயக்குநர் வரைக்கும் உயர்ந்தார். அவர் சொல்லித்தான் அந்தக் கம்பெனி சாத்தூர் ரோட்டில் ஒரு பார்க்கைக் கட்டியது. பின்னால் முதலாளிகளோடு முட்டிக்கொண்டு வேலையை விட்டு வெளியேறினார். அவர் போன பிறகு பார்க் சோபை இழந்தது. பாதி ராட்டினங்கள் இன்று ஓடுவதில்லை. அவர் இருந்த காலம் ஒரு காலம் என்று ஊர் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பார்க் திறந்தபோது பானுவுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. பத்தாம் வகுப்போடு நின்று பட்டாசு ஆலையில் திரி வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சுந்தரபாண்டியே காரில் நாரணாபுரத்துக்கு வந்து, பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்று, பட்டாசுக்குப் போகிற பெண்பிள்ளைகளை என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டார். அவளுடைய அம்மா சண்முகத்தாய்க்கு ஆளை விழுங்குகிற அந்த வேலையிலிருந்து மகள் தப்பினால் போதும் என்றிருந்தது. மறுநாளே அனுப்பிவைத்தாள்.

அந்த முதல் வருடங்களைப் பற்றிக் கேட்டால் பானு இன்றைக்கும் பொய் சொல்ல மாட்டாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. நீலச் சட்டை, கறுப்பு பேன்ட், காலில் ஷூ. காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். விரல் நுனியில் வெள்ளி மருந்து ஒட்டிக்கொண்டு சோறு கசக்கிற பிழைப்பு போய், சோப்புப் போட்டுக் கழுவிய கையால் சுவிட்சைத் தொடுகிற வேலை வந்தது. ஊஞ்சல் ராட்டினத்துக்கு அவள் ஆப்பரேட்டர். ஒருவர் சுவிட்ச் பலகையில் நிற்க வேண்டும், இன்னொருவர் உள்ளே போய் ஒவ்வொரு இருக்கையின் கம்பியையும் இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் தூக்க வேண்டும். அந்தக் கை மேலே போனால்தான் ராட்டினம் சுற்றும். அவளோடு ஜோடியாக நின்றவள் அதே தெருவைச் சேர்ந்த இசைவாணி. பானுவை விட மூன்று வயது இளையவள், வாயாடி. ராட்டினத்தில் ஏறி அழுகிற பிள்ளைகளை அவளால் ஒரே பேச்சில் சிரிக்க வைக்க முடியும்.

நாலாவது வருடம் கூட்டம் குறைந்தது. மதுரைப் பக்கம் வேறு பார்க்குகள் வந்துவிட்டன. சுந்தரபாண்டி ஒரு நாள் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, இனி ஒரு ராட்டினத்துக்கு ஒரு ஆள்தான் என்று சொன்னார். பானு கையைத் தூக்கினாள். கம்பியைப் பார்க்கிறவரும் சுவிட்சைப் போடுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் நடப்பதை யார் பார்ப்பது என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. சிரித்தபடி, உன்னை மாதிரி திறமையான பிள்ளைக்கு இரண்டு ஆள் எதற்கு என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அடுத்த பொங்கல் விடுமுறையில் கூட்டம் அலைமோதியபோதும் அந்த உத்தரவு மாறவில்லை. பானுவைப் படகு ராட்டினத்துக்கு மாற்றிவிட்டு, ஊஞ்சல் ராட்டினத்தில் இசைவாணியைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு குழந்தையின் செருப்பு மேடைக்கு அடியில் விழுந்துவிட்டது. இசைவாணி அதை எடுக்கக் குனிந்து உள்ளே போனாள். பக்கத்து ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்த, விடுமுறைக்கு மட்டும் எடுத்த சீசன் ஆள் ஒருவர் அவளுக்கு உதவலாம் என்று வந்து, ஜனங்கள் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார். அவருக்கு அவள் உள்ளே இருப்பது தெரியாது.

இசைவாணியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணைக்கு அதிகாரிகள் வருவதற்கு முன்னால் சுந்தரபாண்டி பானுவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவள் அந்த அறையில் உட்கார்ந்ததே கிடையாது.

"இசைவாணிக்கு வேண்டியதை எல்லாம் நான் செய்றேன். அதுல உனக்குச் சந்தேகமே வேண்டாம்," என்றார். "அங்கே எப்பவும் ரெண்டு பேர் நிப்பாங்கன்னு மட்டும் நீ சொல்லணும். சூப்பர்வைசர் போஸ்டுக்கு உன் பேரைத்தான் நினைச்சு வச்சிருக்கேன்."

பானு எழுந்து வெளியே வந்துவிட்டாள். அதிகாரிகள் கேட்டபோது, ஒரு ஆள்தான் நின்றாள், அப்படி நிற்கச் சொன்னது இவர்தான் என்று அவரைக் கைகாட்டிச் சொன்னாள். கம்பெனிக்கு அபராதம் போட்டதோடு விசாரணை முடிந்தது. பத்திரிகைக்காரர்களிடம் சுந்தரபாண்டி பேசும்போது, ஊழியரின் கவனக்குறைவு என்று இரண்டு தடவை சொன்னார். பானுவுக்கு அதற்குப் பிறகு வேன் வரவில்லை. தெருமுனையில் ஒரு வாரம் நின்று பார்த்தாள். பிறகு பழைய ஆலைக்கே திரும்பிப் போனாள். மகள் மறுபடியும் மருந்து வாடையோடு வீட்டுக்கு வந்த அன்று சண்முகத்தாய் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

சுந்தரபாண்டி இசைவாணிக்குச் செய்கிறேன் என்று சொன்னதைச் செய்தார். மதுரையில் நல்ல செயற்கைக் கால் பொருத்தினார். டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார். தான் கம்பெனியை விட்டுப் போகும்போது அவளுக்குத் தெருவிலேயே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்துக் கொடுத்தார். கம்பெனிப் பணத்தில் ஊருக்குச் சமுதாயக் கூடம் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

அந்தக் கூடத்தில்தான் அவருடைய படத்தைத் திறக்க வேண்டும் என்று கூடத்தின் கமிட்டித் தலைவர் மணிகண்டராஜ் முடிவெடுத்தார். பார்க்கில் எலக்ட்ரீசியனாக இருந்தவர் அவர். படத்துக்குக் கீழே கறுப்புக் கல்லில் 'தொழிலாளர் காவலர்' என்று பொறிக்க வேண்டும் என்பதும் அவருடைய யோசனை. ஊர்க்காரர்களின் அபிப்பிராயம் கேட்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டார்.

பானு போகக்கூடாது என்று அவள் கணவன் பாலகுரு காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வேன் இருக்கிறது. பார்க் ஆட்களை ஏற்றி இறக்கித்தான் அந்தத் தொழிலில் அவன் காலூன்றினான்.

"அவுக சாப்பாட்டத்தான் நாம இன்னிக்கும் சாப்பிடுறோம். செத்துப்போன ஆளோட என்ன மல்லுக்கட்டு உனக்கு?" என்றான்.

"அவரோட இல்ல. அந்தக் கல்லோட," என்று சொல்லிவிட்டு அவள் சேலை மாற்றக் கிளம்பினாள்.

கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. ராமுத்தாய் என்ற பெண் எழுந்து, தன் இரண்டு மகள்களும் பார்க் வேலையில் சேர்ந்த வருடம்தான் அவர்கள் முன்பு வேலை பார்த்த பட்டாசு அறை வெடித்துத் தரைமட்டமானது என்றாள். மணிகண்டராஜ் மைக்கை வாங்கி, நம் பிள்ளைகளைத் தீயிலிருந்து தூக்கி எடுத்த மனிதர் என்றார்.

பானு எழுந்தாள். அவளிடம் மைக்கைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. அவளே போய் வாங்கிக்கொண்டாள்.

"மருந்துல இருந்து வெளிய எடுத்தாரு, நெசந்தான். நானும் அப்பிடி எடுத்த பிள்ளைதான்," என்றாள். "எடுத்தவரு ரெண்டு ஆள் நிக்கிற எடத்துல ஒரு ஆள நிப்பாட்டுனாரு. வேண்டாம்னு சொன்னப்போ சிரிச்சாரு. கால் போனதும் அவ மேலயே பழியப் போட்டாரு. படத்த வைக்கிறீகளா, வைங்க. காவலருன்னு எழுதாதீக. இசைவாணிய வந்து அந்தக் கல்லப் படிக்கச் சொல்லுவீகளா?"

பின்வரிசையில் ஒருவர், நீ சூப்பர்வைசர் ஆக முடியாத வயிற்றெரிச்சலில் பேசுகிறாய் என்று கத்தினார். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பாலகுரு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, கதவோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இசைவாணி எழுந்தாள். அவள் வந்திருந்ததைப் பானு அதுவரைக்கும் கவனிக்கவில்லை.

இசைவாணி மைக் கேட்கவில்லை. "எனக்குக் கால் குடுத்தது அவுக. கடை வச்சுக் குடுத்ததும் அவுக. அவுகளக் கொறை சொல்ல என் கால வச்சு யாரும் பேச வேண்டாம்," என்று சொல்லிவிட்டு மெதுவாக வெளியே நடந்தாள். கூடம் கை தட்டியது. படம் வைப்பது என்றும் கல் பொறிப்பது என்றும் அங்கேயே முடிவானது.

மறுநாள் ஆலைக்குப் போகாமல் பானு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். ஆதார் நகல் எடுக்க நின்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு, எல்லார் முன்னாலும் என்னை ஏன் அப்படி வெட்கப்படுத்தினாய் என்று கேட்டாள்.

"நீங்க பண்ணுனதுக்கு நான் பண்ணுனது கம்மி," என்றாள் இசைவாணி, மெஷினை மூடிக்கொண்டே.

"உனக்காகத்தான எனக்கு வேலை போச்சு?"

"நானா கேட்டேன்?" இசைவாணியின் குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ அவுக வந்து, இப்பிடி இப்பிடிச் செய்யப்போறேன்னாக. உனக்கு என்ன வேணும்னு கேக்கல. நீங்க அதிகாரிககிட்டச் சொன்னீக. சொல்றதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நேத்தும் கேக்கல. அக்கா, அவுகளுக்கும் உங்களுக்கும் எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல."

தன்னை அந்த ஆளோடு ஒரே தட்டில் வைத்ததைப் பானுவால் தாங்க முடியவில்லை. வாங்கித் தின்றவளுக்கு வாய் எப்படித் திறக்கும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதைத் திருப்பி எடுக்க அவள் முயற்சி செய்யவில்லை. இசைவாணி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். பானு வெளியே வந்தாள்.

படத்திறப்பு அடுத்த மாதம் நடந்தது. பானு போகவில்லை. பாலகுரு போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றியபடியே விஷயத்தைச் சொன்னான். கல்லில் சுந்தரபாண்டியின் பெயரும், 'இக்கூடத்தைக் கட்டித் தந்தவர்' என்ற வரியும் மட்டும்தான் இருந்ததாம். காவலர் என்ற சொல்லே இல்லையாம். கல் கடைக்குப் போவதற்கு முந்தின நாள் இசைவாணி மணிகண்டராஜின் வீட்டுக்கே போயிருக்கிறாள். படத்தை வையுங்கள், மாலை போடுங்கள், நானே வந்து விளக்கேற்றுகிறேன், ஆனால் காவலர் என்று எழுதினால் இந்த ஜென்மத்தில் அந்தக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அவர் அன்றே அந்த வரியை மாற்றி எழுதிக்கொடுத்திருக்கிறார். விளக்கையும் அவள்தான் ஏற்றியிருக்கிறாள்.

மனைவி சந்தோஷப்படுவாள் என்று பாலகுரு நினைத்திருந்தான்.

"நான் சொன்னா வயித்தெரிச்சல். அவ சொன்னா கல்ல மாத்துறாக," என்றாள் பானு. அவன் கழற்றிய சட்டையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, "அவ சொல்ல வேண்டியதுதான். அவ காலுதான," என்றும் சொன்னாள். குரலில் கனிவு இல்லை.

இரண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. ஒரே தெரு என்பதால் எதிரெதிரே வர நேரும்போது ஒருத்தி கைபேசியைப் பார்ப்பாள், இன்னொருத்தி எதிர்ப்பக்கம் ஒதுங்குவாள். ஆலையில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி போன வாரம், அதுதான் நீ கேட்டபடி நடந்துவிட்டதே, இனிமேலாவது மனசு ஆறலாமே என்று பானுவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"கல்லுல இல்லாததுனால அவரு செஞ்சது இல்லன்னு ஆயிருமா?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டதால் பானு தூக்குவாளியை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.