சிவப்புப் பூ வந்த பிறகும்

முருகனடியார்களே, இதை நான் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். சுவாமிக்குச் சினம் தணிந்த மலை நம் தணிகை. எனக்கு இன்னும் தணியவில்லை. ஆனாலும் அவன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

எங்கள் தாலுகாவை ஆந்திரத்தில் சேர்த்த புதிது. எங்கள் கண்டிகை ஊர் டீக்கடையில் ஆம்பிளைகள் தொண்டை கிழியப் பேசுவார்கள். "நம்மள கேக்காம எப்படிச் சேத்தாங்க?" என்று என்னைப் பெற்ற நைனாவும் கத்துவார். அதே நைனாதான், என் மகள் சரோஜாவை என் தம்பிக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்றார்.

சரோஜாவுக்குப் பதினைந்து வயது. தம்பிக்கு முப்பத்தைந்து. அவன் பெண்சாதி செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"தாய்மாமனை வச்சிகினு வெளியில மாப்ள தேடுவாங்களா?" என்றார் நைனா.

எனக்கு மனசே ஒப்பவில்லை. என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போகாத மனிதர். "சாமிகிட்ட பூ கேட்டுடலாம். அவர் சொல்றதுதான்" என்றார். நானும் தலையாட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் கட்டிச் சன்னிதியில் வைப்பார்கள். குழந்தை ஒன்றை எடுக்கும். சிவப்பு வந்தால் உத்தரவு. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த வெள்ளிக்கிழமை போனோம். 'முருகா, வெள்ளையைக் கொடு' என்று படிக்குப் படி வேண்டிக்கொண்டே ஏறினேன். என் நாத்தனாரின் நாலு வயதுப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நைனா பிரித்தார். சிவப்பு.

"முருகனே சொல்லிட்டான்!" என்றார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரோஜா தூண் ஓரமாகத் தலை குனிந்து நின்றாள்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. பிராகாரத்தில் உட்கார்ந்து சுவாமியைத் திட்டினேன். வள்ளி சம்மதிக்க நீ கிழவன் வேஷம் போட்டாய், தேனும் தினைமாவும் கேட்டுக் கெஞ்சினாய். என் பெண்ணுக்கு மட்டும் ஒரு பொட்டலமா? பதில் சொல். சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன்.

அப்போது அந்தக் குழந்தை என் மடியில் வந்து உட்கார்ந்தாள். எதையோ கேட்கவேண்டுமே என்று, "ஏண்டி அந்தப் பொட்டலத்த எடுத்தே?" என்றேன்.

"அதான் குண்டா இருந்துச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வயதுக் குழந்தை தனக்குப் பிடித்ததை எடுத்திருக்கிறாள். வாழப்போகிறவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. பெற்ற நானே சுவாமியைக் கேட்டேனே தவிர அவளைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து போனேன்.

"சரோஜா, மாமனைக் கட்டிக்க உனக்கு இஷ்டமா?"

"இல்லம்மா."

"வேற என்னடி வேணும்?"

"தெரியலம்மா. யாரும் கேட்டதில்லையே, நான் யோசிச்சதே இல்ல."

கல்யாணம் கிடையாது என்று அங்கேயே சொன்னேன். "சாமி உத்தரவ மீறினா குடும்பம் நாசமாப் பூடும்!" என்று நைனா குதித்தார்.

"தாலுகாவச் சேக்க உன்னைக் கேக்கணும். பொண்ணக் குடுக்க அவளக் கேக்க வேணாமா நைனா?"

அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பொண்ணு வேணான்னுட்டா மாமா" என்றார்.

நைனா இரண்டு வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. குடும்பம் நாசமாகவும் இல்லை. சரோஜா எட்டு மாதம் யோசித்தாள். பிறகு, வாத்தியார் பயிற்சிக்குப் போகிறேன் என்று அவளாகவே வந்து சொன்னாள். இப்போது பள்ளிப்பட்டுப் பக்கம் பாடம் நடத்துகிறாள்.

நான் கேட்ட வெள்ளைப் பூவை முருகன் தரவில்லை. என் பெண்ணைக் கேட்கும் வாயைத் தந்தான். அதற்காக வெள்ளிதோறும் மலையேறுகிறேன். சன்னிதியில் யாராவது பொட்டலம் கட்டினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அன்பர்களே, அவனை நம்புங்கள், கைவிட மாட்டான். ஆனால் உங்கள் பிடிவாதத்தைப் பூவில் கட்டி அவன் காலடியில் வைக்காதீர்கள். பெண் அங்கேதான் எங்காவது தூண் ஓரம் நிற்பாள். முதலில் அவளிடம் போய்க் கேளுங்கள்.