வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தவர்

டெல்லி கரோல் பாக் லாட்ஜில் என் பக்கத்து அறையில் ஒரு மதுரைக்காரர் இருந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. ஜனவரிக் குளிரிலும் விடியற்காலையில் மொட்டைமாடியில் வெறுங்காலோடு கண்மூடி உட்கார்ந்திருப்பார். பிறகு கீழே போய், வரவேற்பில் இருக்கும் பையனிடம் தன் ஷூவை வாங்கி மாட்டிக்கொள்வார்.

தண்ணீர், மூச்சுப்பயிற்சி, டீ என்று எனக்கும் காலையில் ஒரு வரிசை உண்டு. அதனால் ஒருநாள் மாடியில் கேட்டேன்.

"ஏதாவது வேண்டுதலா சார்?"

"இல்லம்மா. குடியை விட்டுட்டேன். வெளியூர் வந்தா சாயங்காலமே ஷூவை கீழ பையன்கிட்ட கொடுத்துடுவேன். இந்தக் குளிர்ல வெறுங்காலோட எவன் ஒயின்ஷாப் போவான்?"

"நல்ல ஐடியா சார்," என்று சிரித்தேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்து போயிட்டேன்."

பாதத்தைத் திருப்பிக் காட்டினார். ஆழமான வெட்டு, ரத்தம் காய்ந்திருந்தது.

"குடிக்கலம்மா. கடை வாசல்ல கண்ணாடி குத்துச்சு. வலியில திரும்பிட்டேன். இன்னைக்கு ரூமை வெளியிலேர்ந்து பூட்டிடச் சொல்லணும்."

வெந்நீர் கேட்பவரின் குரலில்தான் சொன்னார். நொண்டியபடி அவர் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மனிதர் தன்மீது இவ்வளவு பயத்தோடு இவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.