ஜன்னலில் செருகிய பித்தளைக் கம்பி

ஏல நிறுவனத்தில் அவருக்கு இது இருபத்தாறாம் ஆண்டு. பழைய துப்பாக்கிகளில் அசல் எது, போலி எது என்று பார்த்துச் சொல்வது வேலை. உடன் வேலை செய்பவர்கள் லென்ஸம்மா என்கிறார்கள். ஆனால் லென்ஸ் கடைசியில்தான் வெளியே வரும், முதலில் திருப்புளி.

நேற்று ஒட்டோமான் காலத்துச் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி ஒன்று மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் சொந்த அண்ணன். மாமனார் வீட்டுச் சொத்து. ஏலப் பட்டியலின் அட்டையில் இதன் படம்தான் வரும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். முடிவு மாலைக்குள், சொல்ல வேண்டியவர் தங்கை.

திருகாணிகளைக் கழற்றி, விசைப்பொறியை வெளியே எடுத்தார். உள்ளே பட்டறை முத்திரை. கல் உரசும் தகட்டில் நல்ல தேய்மானம்; சுவரில் தொங்கியது மட்டுமல்ல, சுட்டும் இருக்கிறது. வெள்ளிப் பூணில் சுல்தான் கால முத்திரை. எல்லாம் சரி. குழாய்க்கு அடியில் ஓடிய விரல் நின்றது. அங்கே ஒரு கம்பி செருகியிருந்த துளையில் மரம் வெளுப்பாக, புதிதாக இருந்தது.

“அண்ணா, இந்தக் கம்பி ஏது?”

“குழாய்க்குள்ள வெடிமருந்து இடிக்கிற கம்பி. முன்ன இருந்தது டூப்பு, இழுத்தா வரவே இல்ல. போலின்னு சொல்லிடப் போறாங்கன்னு தச்சர வெச்சுப் பேத்துட்டு நிஜக் கம்பி மாட்டினேன். எப்படி?”

“ஐயோ அண்ணா! அது வராது. இந்தத் துப்பாக்கில அங்க அழகுக்குத்தான் கம்பி. இடிக்கிறத இடுப்புல தனியா தொங்கவிட்டுப்பாங்க. அசலப் பேத்துட்டு வந்திருக்க நீ!”

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “நீ கண்டுக்காம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

“கண்டுபிடிச்சவகிட்டயே கேக்குறியே!”

இப்படிக் கேட்டவர்கள் பலர். உறவுக்காரர் கேட்டது முதல்முறை, பதில் மாறவில்லை. ஆனால் குறையைச் சொல்லிவிட்டுக் கைகழுவுகிறவரல்ல அவர்.

“பேத்தது எங்க?”

“ஜன்னல் கொக்கி உடைஞ்சுபோச்சு. உன் அண்ணி அதத்தான் செருகி வெச்சிருக்கா.”

லென்ஸம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“போய் எடுத்துட்டு வா. பளபளன்னு தேய்ச்சிடாத.”

“காத்துல ஜன்னல் அடிச்சுக்குமே?”

“நீ பிடிச்சுக்கிட்டு நில்லு.”

மாலையில் கம்பி வந்தது. பழைய பள்ளத்தில் வைத்துப் பார்த்தார், பொருந்தியது. ‘துப்பாக்கி அசல். அடியில் சமீபத்திய மாற்றம். அசல் கம்பி தனியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அட்டைக்கு வேறொரு துப்பாக்கி போகிறது. அண்ணனுடையது பட்டியலின் உள்பக்கத்தில், பித்தளைக் கம்பியோடு வருகிறது.