நவம்பர் 15, பெக்டரியில் தீ

சிந்துஜா டீச்சரைப் பற்றிச் சொல்லப்போனால் அவளுடைய வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்துப் பாடசாலையிலேயே படித்து, இப்போது அங்கேயே பதினோராம் வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறாள். வயது முப்பத்திரண்டு. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடிமை முறைக்காக அடித்துக்கொண்ட கதையை நாலு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். மகராசிக்கு மனம் கேட்கவில்லை.

"ரிச்மண்டு எங்க டீச்சர் இருக்கு?" என்று பிள்ளைகள் முழித்தார்கள். சரி, தெரிந்த மண்ணிலேயே சண்டையை நடத்திக் காட்டுவோம் என்று முடிவு செய்தாள். அதற்குத் தோட்டத்தின் படம் வேண்டும். அவளுடைய அப்பா காளிமுத்துவை விட்டால் ஆளில்லை. தோட்டத்துக் காவல்காரர், நாற்பது வருடமாக ஒவ்வொரு மலையாக நடந்தவர். ஆனால் படம் என்றால் அவருக்கு ஈரக்குலை நடுங்கும். யுத்த காலத்தில் கண்டி டவுனில் பொலிசிடம் பிடிபட்டபோது அவருடைய சட்டைப்பையில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. மஹய்யாவயில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிற வழியை அதில் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டுக்காகப் பதினேழு நாள் உள்ளே வைத்து அடித்தார்கள். வெளியே வந்தபோது இடது காது போயிருந்தது.

"வேணாம்மா, நமக்கெதுக்குப் படம்?" என்றார். மகள் விட்டால்தானே! கெஞ்சிக் கூத்தாடினாள். பள்ளிக்கூடப் பாடம்தானே என்று கடைசியில் அவரும் ஆறு, லயம், தேயிலைப் பெக்டரி, பங்களா எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் எழுதி வரைந்து கொடுத்தார். சிந்துஜா அதன் மேல் சிவப்புப் பேனையால் அம்புகள் போட்டாள். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாதான் தெற்கின் தலைநகரமான ரிச்மண்ட். பெக்டரிதான் அட்லாண்டா. வடக்குப் படை அட்லாண்டாவை எரித்துவிட்டுப் புறப்பட்ட நாளைப் பக்கத்தில் எழுதினாள்: நவம்பர் 15, தீ. வருடத்தை எழுதவில்லை. அதைத்தான் பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருந்தார்களே!

பார்த்து வரைய ஒரு மாணவி படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுடைய அம்மா மூக்காயி, காலை அவசரத்தில் கைக்கு அகப்பட்ட தாளில் ரொட்டியைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ரொட்டியைப் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார்; தாளைப் பிடுங்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். அன்றைக்குத் தேதி நவம்பர் பதின்மூன்று.

நண்பகலுக்கு முன்னால் அதிபர் தியாகராஜா வகுப்பு வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"பிள்ளை, உம்மைப் பங்களாவுக்கு வரட்டாம். பொலிசும் வந்திருக்கினம். அப்பாவை முதலே கூட்டிக்கொண்டு போட்டினமாம்."

"அப்பாவையா? எதுக்கு சேர்?"

"அந்தப் படம். அப்பான்ர எழுத்தெல்லோ." குரலைத் தாழ்த்தினார். "நான் அதைக் கண்ணாலயும் காணேல்லை. விளங்குதோ?"

நல்ல மனிதர்தான், பாவம். பயம் யாரை விட்டது?

சிந்துஜா பங்களாப் படியேறினாள். விறாந்தை மூலையில் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் காளிமுத்து கைகட்டி நின்றார். மகளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இந்த வயதில் இன்னொரு பதினேழு நாளை அவருடைய உடம்பு தாங்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

உள்ளே, எண்ணெய் ஊறிய தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார் பொலிஸ் அதிகாரி. "எதற்கு இந்தப் படம்? நாளை மறுநாள் என்ன நடக்கப்போகிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தெரிந்த சிங்களத்தையெல்லாம் பொறுக்கியெடுத்து, சம்டர் கோட்டையில் விழுந்த முதல் குண்டிலிருந்து தொடங்கினாள். முதலில் தெற்கின் கை ஓங்கியதைச் சொன்னாள். அன்டீட்டத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் செத்ததையும், அதன் பிறகு ஜனாதிபதி அடிமைகளுக்கு விடுதலை அறிவித்ததையும் சொன்னாள். கெட்டிஸ்பர்க்கில் தெற்கு முறிந்தது, மறுநாளே விக்ஸ்பர்க் விழுந்தது, அடுத்த வருடம் அட்லாண்டா எரிந்தது, அதற்கடுத்த ஏப்ரலில் ரிச்மண்டும் போய்த் தெற்கின் தளபதி சரணடைந்தார். ஒவ்வொன்றுக்கும் தாளில் விரல் வைத்துக் காட்டினாள். "ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலு சேர், அறுபத்து நாலு" என்று தீ வைத்த வருடத்தை மூன்று தடவை சொன்னாள்.

அதிகாரி கைபேசியில் தேடிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

அப்பாடா என்று மூச்சு விடப்போனாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த துரை எழுந்து வந்து படத்தின் மேல் குனிந்தார்.

"பங்களாவுல நான். அப்போ நான் தெக்குக்காரன். சரி." அவருடைய விரல் நகர்ந்து வந்து லயத்தின் மேல் நின்றது. "இங்க யாரு டீச்சர்?"

இதே கேள்வியைப் போன வாரம் வகுப்பில், தெற்கின் அடிமைகளுக்கு விடுதலை வந்த கதையைச் சொல்லிவிட்டு அவளே கேட்டிருந்தாள். இருபத்தாறு பிள்ளைகளும் "நாங்க டீச்சர்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்!

கதவிடுக்கில் அப்பாவின் வெறுங்கால்கள் தெரிந்தன.

"யாருமில்ல சேர்" என்றாள். "அது சும்மா, காலி இடம்."

துரை சிரித்தார். படத்தை மடித்து, மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டார். "சரி, அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க."

இறக்கம் முழுக்கக் காளிமுத்து மகளின் கையை விடவில்லை. லயம் கண்ணுக்குத் தெரிந்ததும் நின்றார்.

"தொரைகிட்டச் சொன்னது சரி. பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"

சொன்னாள். அவர் அப்படியே பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தன பிள்ளைங்களுமா? ஐயோ, சின்ன வாய்ங்கம்மா. எங்கயாச்சும் போய்ச் சொல்லிருங்க. நாளைக்குப் போனதும் மாத்திச் சொல்லிரு. ஒன்னயக் கும்பிட்டுக் கேக்குறேன்."

பெற்ற அப்பா கும்பிட்டுக் கேட்டால் மகள் என்ன செய்வாள்?

மறுநாள் காலையில் சிந்துஜா டீச்சர் கதை எதுவும் சொல்லவில்லை. கொப்பியை எடுக்கச் சொன்னாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றாள்.

"லயத்தில் யாரும் இல்லை" என்றாள். "எழுதிக்கொள்ளுங்கள்."

இருபத்தாறு பேரும் குனிந்து எழுதினார்கள்.