குமிழும் மாமியின் கையும்

குமிழைத் திருகினால் மோட்டார் திரும்ப வேண்டும், திருகாவிட்டால் சும்மா நிற்க வேண்டும். என் தொழில் இவ்வளவுதான். அந்தச் சும்மா நிற்பதுதான் எத்தனை பாடு என்று, அடி அடியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரோடு மல்லுக்கட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

குளிர்ஜுரம்

தி.நகரில் கவரிங் நகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் நெக்லஸைத் திருப்பிக் காட்டும் தட்டு செய்து கொடுத்தேன். யாரும் தொடாதபோதும் குமிழிலிருந்து வரும் மின்னழுத்தம் துளித்துளி ஏறி இறங்கும். மோட்டாரை ஓட்டும் சில்லான மைக்ரோகன்ட்ரோலர் அதையும் உத்தரவாக எடுத்துக்கொண்டு மோட்டாரை ஆட்டிவைத்தது. மறுநாளே போன்.

"இன்னா தம்பி, நெக்லஸுக்குக் குளிர்ஜுரமா? நின்ன எடத்துலயே நடுங்கிக்கினு கீது!"

கண்டுகொள்ளாத வரி

சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று ப்ரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். தட்டு கப்சிப். அதன்பிறகு எந்த வேலை வந்தாலும் முதலில் அந்த வரியைப் போட்டுவிடுவேன், பெருமையாக.

மயிலாப்பூரில் ஒரு மாமி, நடுக்குவாதத்தால் படுக்கையோடு இருந்தார். வெயில் அடித்தால் ஜன்னல் திரையை மூடவும், தெருவைப் பார்க்கத் தோன்றினால் திறக்கவும், மாட்டுப்பெண்ணைக் கூப்பிடாமல் தானே செய்ய வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான். கட்டில் ஓரத்தில் குமிழைப் பொருத்தினேன். மாட்டுப்பெண் திருகினாள், திரை வழுக்கிக்கொண்டு போனது. மாமி திருகினார், அசையவில்லை.

"அவ தொட்டா நகர்றது. நான் தொடறது அதுக்குத் தெரியலையோ?"

தெருவுக்குத் தெரிந்தது

மாமியின் சின்னத் திருகலையும் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த வரியை எடுத்தேன். திரை நகர்ந்தது, மாமி சிரித்தே விட்டார். ஆனால் கை நடுங்க நடுங்கத் திரையும் சேர்ந்து நடுங்கியது. லேப்டாப்பை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்தேன். நடுக்கம் அடங்கட்டும் என்று குமிழின் அசைவுகளைச் சராசரி எடுத்துப் பார்த்தால், திரை நிதானமாகக் கிளம்புவதற்குள், நகரவில்லையோ என்று மாமி பயந்து இன்னும் திருகிவிடுவார். பொத்தான் வைத்தால் விரல் தானாகப் பட்டு, திரை பாதியில் திரும்பி வந்தது. அவர் வேண்டுமென்று திருகுவதும் கை தானாக ஆடுவதும் ஒரே அளவு. எது எது என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. கீழே தெருவில் நடந்து போனவர்கள் ஜன்னலில் ஆடும் திரையை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

"கழட்டிடுப்பா. என் கை ஆடறது இதுவரைக்கும் ஆத்துக்குள்ளதான் தெரிஞ்சுண்டிருந்தது, இப்போ தெருவுக்கே தெரியறது."

இப்போதெல்லாம் மோட்டார் என்ன சைஸ் என்று கேட்பதற்கு முன்பே, திருகப் போகிறவரின் கையைக் காட்டச் சொல்கிறேன், வருகிறவர்கள்தான் என்னைக் கைரேகை ஜோசியன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.