நிற்காத பிள்ளை

மாகாணப் போட்டியில் ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்த மறுவாரமே இடது காலில் நோ தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், பெருவிரலால் மறைக்கக்கூடிய ஓர் இடம். காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மரத்துவிடும். மரத்துவிடுகிறதுதானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அகில இலங்கைப் போட்டிக்கு எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயிலிருந்து அந்த முறை போனது நான் மட்டும்தான். சந்தியில் என் படத்தைப் பெரிதாக அடித்துக் கட்டியிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிய சுவாமியார் எனக்காகச் செபிக்கச் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓடுகிற அளவுக்கு மைதானம் இல்லை. அலை நனைத்து இறுகின மணலில் வெறுங்காலோடு பழகினவள் என்று போகிற வருகிற இடமெல்லாம் என் கதைதான். விளையாட்டு ஆசிரியர் யாரைக் கண்டாலும், "இவளிட்ட வேகம் பெரிசா இல்லை. ஆனால் நிக்கமாட்டாள். செத்தாலும் நிக்கமாட்டாள்" என்பார். கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். நாளாக ஆக அந்தச் சொல்லே என் வாயை அடைத்தது. நிற்காத பிள்ளை, நோகுது என்று எப்படிச் சொல்லும்?

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் நான் நொண்டுவதைக் கண்டுவிட்டா.

"என்ன பிள்ளை, கால்?"

"முள்ளுக் குத்தினது அம்மா."

தைலம் எடுத்துத் தந்தா. வேறொன்றும் கேட்கவில்லை. அப்பாவின் படகு கடலுக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டு வந்த காலம் அது. விளையாட்டைக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் இடம் எடுக்கலாம் என்று ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லாரும் என் காலை நம்பியிருந்தார்கள். அதனாலேயே அந்தக் காலைப் பற்றிக் கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

போட்டி நாள் காலை, அந்தச் சிவப்பு ஓடுபாதையை முதன்முதலாக மிதித்தேன். மணலைப் போல அது காலை வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வோர் அடியும் எலும்பில் வந்து இடித்தது. பக்கத்தில் தெற்குப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடமொன்றின் பிள்ளை இருந்தாள். ஒரு பெண் அவளுடைய காலுக்குப் பட்டி ஒட்டிக்கொண்டிருந்தா. என்னையே பார்த்திருந்த அவள், "ரிதெனவாத?" என்றாள். நோகுதா என்று கேட்கிறாள். எங்கள் கரையில் வாடிக் குடில் போட்டு மீன் பிடிக்க வருகிற தெற்குச் சனத்திடம் கேட்டுப் பழகின சிங்களம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. தலையாட்டினேன். அத்தனை நாளில் ஓராளிடம் நான் அதை ஒத்துக்கொண்டது அப்போதுதான்.

அவள் தன் காலில் அதே இடத்தைத் தொட்டுக் காட்டினாள். போன வருடம் தனக்கும் இப்படித்தான் வந்ததாம். எலும்பில் வெடிப்பு என்று டொக்டர் சொன்னதும் அப்பா ஓட்டத்தை நிற்பாட்டிவிட்டாராம். மாதக்கணக்காக நீச்சல் மட்டும்தானாம், இப்போது சுகமாம். "நீயும் இன்றைக்கு ஓடாதே. அடுத்த வருடம் வா" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அடுத்த வருடம் பள்ளிக்கூடப் போட்டிக்கு எனக்கு வயது கூடிவிடும். நிற்பதற்கும் வசதி வேண்டும் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அவள் நின்றால் திரும்பி வர இடமிருந்தது. நான் நின்றால் நின்றதுதான். என்னிடம் இருந்ததை எல்லாரும் மனவுறுதி என்றார்கள். அதில் பாதி, வேறு வழியில்லாமை.

ஓடினேன். கடைசிக்கு முந்தின சுற்றில் காய்ந்த தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம், என் காலுக்குள்ளிருந்து. விழுந்துவிட்டேன். வேலிக்கு வெளியே நின்று ஆசிரியர் கத்தினார்: "எழும்பு பிள்ளை, எழும்பு!"

எழும்பினேன். ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திப் போனேன். மற்ற எல்லாரும் முடித்துவிட்டார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லைக் கோட்டில் விழுந்து கிடந்தபோதும் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

என்னை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள், நான் கெந்திப் போனதை யாரோ எடுத்த வீடியோ ஊருக்கு வந்துவிட்டது. விடாமுயற்சி என்றால் இதுதான் என்று மேலே எழுதியிருந்தது. டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கனநாளா வெடிச்சிருக்கு. விழுந்த இடத்திலேயே கிடந்திருந்தா இவ்வளவு விலகியிராது." தகடு வைத்தார்கள். இனிப் போட்டி ஓட்டம் இல்லை என்றார்கள்.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தா. "நோகுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"சொன்னா என்னை ஓடாமல் விட்டிருப்பீங்களோ அம்மா?"

அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டா. பிறகு அந்தக் கதை எங்கள் வீட்டில் எழும்பவில்லை.

இப்போது மன்னார் ரவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. நின்றபடியே செய்கிற வேலை. பின்னேரமானால் கால் வீங்கும். போன கிழமை ஒரு தாய் என்னை அடையாளம் கண்டுவிட்டா. "நீங்கள் அந்த ஓட்டக்காரப் பிள்ளையெல்லோ? அந்த வீடியோவைக் காட்டித்தான் இவளைப் படிக்கச் சொல்றனான். ரெண்டு சொல்லுச் சொல்லுங்கோ" என்று மகளை முன்னுக்குத் தள்ளினா. சோதனை எடுக்கிற வயது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, உங்களுக்கு ஏதும் ஏலாமல் இருக்கோ?"

"அவளுக்கென்ன, நல்லா இருக்கிறாள்" என்று தாய் சிரித்தா.

பிள்ளை என் காலைப் பார்த்தாள். அவர்கள் எடுத்த துணியை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன்.